வேர்க்கடலையா, பபிள்கம்மா

என் பள்ளிக்கூட ஷூவுக்கு வாங்கி வைத்த கறுப்பு பாலிஷ் அந்த வருஷம் மட்டும் டப்பா டப்பாவாகத் தீர்ந்தது. "ஷூவுக்குப் போடறியா, இல்ல தோசைக்குத் தொட்டுக்கறியா?" என்று அம்மா என்னைத்தான் திட்டினாள். எட்டு வயசில் செய்யாத குற்றத்துக்கு வாங்கிய திட்டு எதுவும் எனக்கு மறப்பதில்லை.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டு மாடி அறை அத்தையுடையது. அப்பாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கல்லூரியில் கணக்கு வாத்தியார். ஊரில் மற்ற அத்தைகளெல்லாம் பட்டுப்புடவை சேர்த்தார்கள் என்றால் இவள் பழைய பபிள்கம் மெஷின் சேர்த்தாள். காசைப் போட்டுப் பிடியைத் திருகினால் கீழே ஓர் உருண்டை வந்து விழுமே, தலையில் கண்ணாடிக் குண்டு வைத்த இரும்பு மெஷின், அதுதான். ஜன்னல் ஓரமாக ஏழு நின்றன. நாலு மணி வெயில் குண்டுகளுக்குள் புகுந்து சுவரெல்லாம் தண்ணீர்போல ஆடும். நான் பாயில் படுத்து அதைப் பார்த்தபடியே தூங்கிப்போவேன். விழித்தாலும் தூக்கத்துக்குள்ளேயே இருக்கிற மாதிரி இருக்கும். இன்றும் என் கனவில் வருகிற அறை அதுதான். உள்ளே ஓர் உருண்டைகூடக் கிடையாது என்பதுதான் கொடுமை. முழுங்கினால் குடலில் ஒட்டிக்கொள்ளும் என்று அம்மா தடை போட்டிருந்தாள்.

எது அசல், எது பின்னால் ஒட்டுப் போட்டது என்று அத்தை கண்டுபிடித்துவிடுவாள். பூட்டைப் பார்ப்பாள், திருகாணியைப் பார்ப்பாள், பெயிண்டை நகத்தால் சுரண்டி அடியில் என்ன நிறம் என்று பார்ப்பாள்.

ஏழாவதாக வந்த சிவப்பு மெஷின்தான் வம்பு. பாலவாக்கத்தில் ஒரு பழைய சாமான் கடையில் அவள் அதைத் தூக்கியபோது, அதன் இன்னொரு பக்கத்தைப் பிடித்திருந்தார் அடையாறு மாமா. உறவு ஒன்றுமில்லை. அவரும் மெஷின் சேர்ப்பவர், அடையாறில் தனியாக இருப்பவர். அதனால் நான் வைத்த பெயர். இது பபிள்கம் மெஷின் என்றாள் அத்தை. வேர்க்கடலை மெஷின் என்றார் அவர். திறந்து உள்சக்கரத்தின் ஓட்டை எத்தனை பெரிசு என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் சாவி இல்லை, பூட்டை உடைக்க இருவருக்கும் மனசில்லை.

ஆகவே ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நாலு மணிக்கு அவர் பூதக்கண்ணாடியோடு வந்தார். வாதம் பத்து நிமிஷம் நடக்கும். அப்புறம் காபி ஆறிப்போகும்வரை என்னென்னவோ பேசுவார்கள். அத்தை சிரிப்பாள். கீழே அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவர் இறங்கிப் போனதும் அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "இன்னும் தீரலையா அந்த வழக்கு?" என்பார். "இன்னும் ஒரு வாரம் பார்க்கணும்ணா" என்பாள் அத்தை. வழக்கு இருந்தவரைக்கும் அவர் மாடி ஏறுவதை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கோ அத்தை ஜெயித்தாக வேண்டும்.

அந்த வருஷம் ஆயுத பூஜை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. எங்கள் வீட்டில் கத்தரிக்கோலிலிருந்து மிக்ஸிவரை துடைத்துப் பொட்டு வைக்காமல் எதையும் விடமாட்டார்கள். மெஷின்கள் என் பொறுப்பு. "மேலாகத் துடைச்சா போறும்டி" என்று சொல்லிவிட்டு அத்தை சந்தனம் அரைக்கக் கீழே போனாள். எனக்குப் போதவில்லை. சிவப்பு மெஷினைப் படுக்கவைத்துப் பார்த்தேன். அடிப்பாகம் முழுக்க ஒரே கறுப்பு. புளியும் தேங்காய் நாரும் கொண்டுவந்து தேய்த்தேன். எங்கேயோ பழகின வாசனை வந்தது. நாலே தேய்ப்பில் கறுப்பு கையோடு வந்துவிட்டது. உள்ளே பித்தளைத் தகடு. உருண்டை பபிள்கம் மட்டுமே போட வேண்டும் என்று அதில் இங்கிலீஷில் அடித்திருந்தது.

அடையாறு மாமா படியேறி வந்துகொண்டிருந்தார், பின்னால் அத்தை சந்தனக் கிண்ணத்தோடு. நான் மாடிப்படி உச்சியில் நின்று, வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி, "அத்தை ஜெயிச்சுட்டா, பபிள்கம்தான், எழுதியே இருக்கு" என்று கத்தினேன்.

அவர் குனிந்து தகட்டை நிதானமாகப் படித்தார். "ஜெயிச்சுட்டீங்க" என்றார். அத்தை அவரைப் பார்க்கவில்லை. கீழேயிருந்து அப்பா, "ஒரு வழியா தீர்ந்துதா? நல்லதாப் போச்சு" என்றார். கொடுத்த சுண்டலை நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, பூதக்கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு அவர் போனார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அவரிடம் என்ன சொல்லி வரச்சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை போலும்.

அந்த ஏழும் இப்போது பெருங்குடியில் என் வீட்டில் நிற்கின்றன. பழைய மெஷின் வாங்குகிறவர்கள் எனக்குப் போட்டோ அனுப்பி அசலா என்று கேட்கிறார்கள். நான் முதலில் அழுக்கைத்தான் பார்ப்பேன். நிஜமான பழைய அழுக்கு நாலு தேய்ப்பில் வராது. திங்கட்கிழமைக் காலையில் பள்ளிக்கூடம் கிளம்புகிற வாசனையும் அதில் அடிக்காது. என் பாலிஷ் டப்பாக்கள் எங்கே போயின என்பது எனக்குப் புரிய இருபது வருஷம் பிடித்தது. புரிந்த அன்று நான் அழுதேன்.

அன்றைக்கு அவர் போனபிறகு அத்தை என்னைக் குழாயடிக்குக் கூட்டிப்போய் சோப்புப் போட்டு என் கைகளைக் கழுவினாள். கறுப்பெல்லாம் போனபிறகும் கழுவிக்கொண்டே இருந்தாள்.

"ஏண்டி இத்தனை சமத்தா இருக்கே நீ?" என்றாள். ஜெயித்த சந்தோஷத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

"உனக்காகத்தான் அத்தை" என்றேன்.