எழுதினவர் என்ன விக்கிறார்?

சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டு, "திகதி இல்லை. தள்ளுபடி!" என்கிறார் இரத்தினசிங்கத்தார். தள்ளுபடியானது நான் கொடுத்த மூன்று பக்கம். அல்சைமர் நோயை நாற்பது நாளில் விரட்டலாம் என்று இணையத்தில் கிடந்ததை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். நான் அவர் வீட்டுக்கு மேல்மாடிக்காரன், வட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் நம்புகிறவன்.

அவர் புதுக்கடை நீதிமன்றத்தில் முப்பத்துநான்கு வருடம் வழக்குக் கடதாசிகளைச் சரிபார்த்த இலிகிதர். ஓய்வுபெற்றுப் பத்து வருடமாகியும் வெள்ளவத்தையில், தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், கோடு கூட்டி விசாரணை நடத்திக்கொண்டுதான் இருக்கிறார். எந்த இணையப் பக்கம் வந்தாலும் மூன்று கேள்வி. "ஆர் எழுதினது? எப்ப எழுதினது? எழுதினவர் என்ன விக்கிறார்?" பெரும்பாலும் மூன்றாவதில் ஆள் பிடிபட்டுவிடும். கனடாவிலிருந்து மகள் தனுஷியா அனுப்பிய எண்ணெய் வீடியோவைக் கடைசிவரை பொறுமையாகப் பார்த்தார். "டொக்டர் மாதிரித்தான் கதைக்கிறார். முடிவில போத்திலைக் காட்டுறாரே, பிள்ளை!" மகள் ஒரு கிழமையாக அழைக்கவில்லை.

சந்திக் கடை ஹமீட் நானாவும் தப்பவில்லை. "ஞாபகசக்திக்கு நல்ல மாத்திரை சேர், நெட்டிலயே போட்டிருக்கி" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். "நெட்டில எங்கை? பக்கத்தைக் காட்டும்!" இப்போது இவர் தலை தெரிந்தாலே நானா குனிந்து மேசைக்குக் கீழே எதையோ தேடத் தொடங்கிவிடுகிறார்.

இத்தனை விசாரணையும் மனைவி பாலேஸ்வரி அக்காவுக்காக. கிளினிக்கில் நோயின் பெயரைச் சொல்லி ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். மிச்சத்தை இவர் தேடுகிறார். "ஒரு உண்மையான சொல்லு போதும் தம்பி. அவ என்னை மறக்கிறதுக்கு முதல் கிடைக்கவேணும்" என்று ஒருநாள் சொன்னார்.

அக்காவின் அண்ணன் கோப்பாயில் இறந்து பதினொரு வருடம். அக்காவோ, "அண்ணா இண்டைக்கு வாறார்" என்பார். இலிகிதர் சும்மா இருப்பாரா? அலுமாரியிலிருந்து மரண அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்து, "நீரே வாசியும்" என்று முன்னால் வைத்தார். அக்கா வாசித்தார். அப்போதுதான் செய்தி வந்ததுபோலக் குழறி அழுதார். அடுத்த கிழமையும் அதே பத்திரம், அதே அழுகை. இப்படி நாலு தரம். நான் அவரோடு சண்டையே பிடித்தேன். "பொய் சொல்லச் சொல்லுறீரோ?" என்று கேட்டார்.

போன மாதம் ஒரு பக்கம் மூன்று கேள்விக்கும் தப்பி நின்றது. இரண்டு வைத்தியர்களின் பெயர், இந்த வருடத் திகதி, விற்பதற்கு ஒன்றுமில்லை. குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை என்று முதல் வரியிலேயே சொன்னது. அதனால்தான் இவருக்கு நம்பிக்கை வந்தது என்று நினைக்கிறேன். நோயாளி நம்புவதை மறுத்து வாதாட வேண்டாம் என்ற வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் இருந்தது. அன்று பின்னேரமே அத்தாட்சிப் பத்திரத்தை உறையில் போட்டு என்னிடம் தந்துவிட்டார். இப்போது என் மேசை லாச்சியில் கிடக்கிறது.

நேற்று மத்தியானம் அவர் வீட்டு வாசலில் நின்று கதைத்துக்கொண்டிருந்தேன். மேசையில் இரண்டு தட்டு, சோறு, சொதி. குசினிக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது.

"இஞ்சருங்கோ, அண்ணா சாப்பிட வாறாராம்!"

இரத்தினசிங்கத்தார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கேள்வி கேட்காமல் இருப்பாரா மனிதர்? கேட்டார்.

"எத்தினை மணிக்காம்?"

பிறகு மேசையில் பரவியிருந்த கடதாசிகளையும் சிவப்புப் பேனையையும் ஒருபக்கமாக ஒதுக்கி, மூன்றாவது தட்டைக் கழுவித் துடைத்து வைத்தார்.