சனிக்கிழமை ஊருக்குப் போகிறவள்

எங்கள் அறையில் மூன்றாவதாக இருந்தவளுக்குக் கல்யாணமாகி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன அன்று எனக்கு ஒரே சந்தோஷம். வெளியே சொல்லக் கூடாதுதான். சொல்லிவிட்டேன். கள்ளக்குறிச்சியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மாடியில் ஒரு அறை, பக்கத்தில் சமைக்க ஒரு இடுக்கு. இனிமேல் நானும் என் தோழியும் மட்டும். கல்லூரியில் முதல் நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மூன்று வருஷமும் எழுந்து போகாத ரிஷிவந்தியத்துக்காரி அவள். இப்போது மருந்துக் கடையில் வேலை. நான் நைனார்பாளையம். ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுத் தரும் கடையில் நாள் முழுக்க ஊரார் பிறந்த தேதியைத் தட்டிக்கொண்டிருப்பவள்.

அந்தச் சந்தோஷம் நாலு நாள்கூடத் தாங்கவில்லை. வீட்டுக்கார அக்கா மாடியேறி வந்தார்.

"மூணு பேருன்னுதானே வூட்ட வுட்டேன்? நீங்க ஆளப் பாக்கறீங்களா, நான் பாக்கட்டுமா?"

"நாங்களே பாத்துக்கறோம்க்கா" என்று முந்திக்கொண்டேன்.

அவர் பார்த்தால் யாரோ வந்துவிடுவாள். எனக்கு வேண்டியது வாடகையில் பங்கு தருகிற, குறட்டை விடாத, முக்கியமாக என் தோழிக்கு ரொம்பப் பிடித்துப்போகாத ஒருத்தி.

கடைப் பழக்கம் விடுமா? ஒரு படிவமே அடித்து எடுத்துக்கொண்டு வந்தேன். எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள், போனில் சத்தமாகப் பேசுவீர்களா, குளிக்க எவ்வளவு நேரம் ஆகும், ஊருக்கு எப்போது போவீர்கள். தோழி அதைப் படித்துவிட்டுக் கட்டிலில் உருண்டாள்.

"பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ரெண்டு கேக்கலியாடி? வருமானச் சான்று வேணாமா?"

"சிரி, சிரி. எவளாவது வந்து உன் சோப்பக் கரைப்பா, அப்போ தெரியும்."

முதலில் வந்தவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே படிவத்தை நிரப்பினாள். அவளை வேண்டாம் என்பதில் எங்களுக்குள் சண்டையில்லை. இரண்டாவதாக வந்தவள் சின்னசேலத்துக்காரி, பள்ளிக்கூட டீச்சர். எல்லாக் கேள்விக்கும் பதில் சரி. அதோடு விட்டாளா? கொடியில் தொங்கிய ரவிக்கையைப் பார்த்து, "இந்தப் பூவேலை யார் போட்டது?" என்று கேட்டாள். போட்டது என் தோழி. அவ்வளவுதான், இரண்டு பேரும் ரவிக்கையை மடியில் விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். நடுவில் டீச்சர் என்னவோ சொல்ல, இவள் தலையைப் பின்னால் சாய்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு என் ஜோக்குக்கு மட்டும் வருவது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

டீச்சர் போனதும் தோழி கேட்டாள். "இன்னாடி சொல்ற? நல்ல பொண்ணு."

"நல்ல பொண்ணுதான். ஆனா ராத்திரில்லாம் லைட்டப் போட்டுக்கினு பரிட்சை பேப்பர் திருத்துவா. உனக்கு ஏற்கனவே தலைவலி."

நம்பிவிட்டாள். அன்று சாயங்காலம் முழுக்க என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மூன்றாவதாக வந்தவள் வெள்ளிமலைக்காரி. எங்களைவிட இரண்டு வயது சின்னவள், ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். ஊருக்கு எப்போது போவாய் என்று கேட்டதற்கு மட்டும் நீளமாகப் பேசினாள்.

"சனிக்கெழம சாயங்காலம் பஸ் புடிச்சா திங்கக்கெழம காலையிலதான்க்கா வருவேன். எல்லா வாரமும்."

மற்ற பதில்கள் என் காதில் ஏறவே இல்லை. ஊமை மாதிரி இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருக்க மாட்டாள். இதைவிட என்ன வேண்டும்?

அவள் ஊமையாக இருந்தது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த வரைக்கும்தான். இரண்டாவது வாரமே ஊசியைக் கண்டு பயப்படுகிறவர்களைப் போல நடித்துக் காட்ட ஆரம்பித்தாள். மீசையை முறுக்கிக்கொண்டு வந்த ஒருத்தர், ஊசியைப் பார்த்ததும் "நாளைக்கு வரேம்மா" என்று செருப்பை விட்டுவிட்டு ஓடினாராம். என் தோழி வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். நானும் சிரித்தேன். எரிச்சல் அதில்தான்.

போகட்டும், ஞாயிற்றுக்கிழமை என்னுடையது என்று இருந்தேன். ஒரு வாரம் வெள்ளிமலைக்காரி, "ரெண்டு பேரும் எங்க வூட்டுக்கு வாங்கக்கா" என்றாள். எனக்கு வேலை இருக்கிறது என்றேன். நான் போகாத இடத்துக்கு என் தோழி போனதே இல்லை.

"நான் வரேன்" என்றாள் தோழி.

அந்த ஞாயிறு, துவைத்த போர்வையையே மறுபடி துவைத்தேன். அடுத்த ஞாயிறும் போனாள். அதற்கடுத்ததும். நாலாவது வாரம் திங்கட்கிழமை காலையில் டப்பாவில் அவள் பல் விளக்கும் பிரஷைக் காணோம்.

"பிரஷ் எங்கடி?"

"அங்கியே வச்சிட்டு வந்துட்டேன். எதுக்குத் தூக்கிக்கினு அலையணும்?"

அவளுக்கு அது ஒரு பிரஷ். எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. அந்தச் சனிக்கிழமை, கூப்பிடாமலே நானும் பஸ் ஏறினேன்.

மலைப் பாதையில் நாலாவது வளைவிலேயே எனக்கு வாந்தி. வெள்ளிமலையில் இறங்கி நடந்தோம். வீட்டு வாசலில் மலைக்காரியின் அம்மா என் தோழியைப் பார்த்து, "வந்துட்டியா பாப்பா, கை கால் கழுவு" என்றார். என்னைப் பார்த்து, "வாங்கம்மா, உக்காருங்க" என்றார். அவளுக்குப் பாப்பா, எனக்கு 'ங்க'. எனக்குத் தண்ணீர் கொடுக்க என் தோழி திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி அலமாரியிலிருந்து டம்ளரை எடுத்தாள்.

மறுநாள் சாமைச் சோறு சாப்பிட்டுவிட்டுக் கொல்லைப் பக்கம் கை கழுவப் போனபோது, "ஏன்டி நேத்துலருந்து மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினுகீற?" என்று கேட்டாள் தோழி.

"உனக்கு இன்னா, இங்க பிரஷ் இருக்குது, அம்மா இருக்காங்க."

"நீதானடி இவளப் புடிச்ச?"

"ஞாயித்துக்கெழம இருக்க மாட்டாளேன்னு புடிச்சேன்!"

வாயை விட்டு வந்துவிட்டது. ஈரக் கையோடு என் பக்கம் திரும்பினாள்.

"அப்போ அந்த டீச்சரு?"

"அவகிட்ட நீ ஜாஸ்தி சிரிச்ச."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. துப்பட்டா நுனியில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மலைக்காரிக்கு ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். என் தோழி இனி மாடி அறைக்கே வர மாட்டாளோ என்று அன்றிரவு எனக்குப் பயம் வந்துவிட்டது.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமல் முதல் பஸ். மூன்று பேர் உட்காரும் சீட்டில் என்னை ஜன்னல் பக்கம் தள்ளி, வாந்திக்கு என்று மடியில் ஒரு பிளாஸ்டிக் கவரைப் போட்டுவிட்டு, நடுவில் உட்கார்ந்தாள் தோழி. பேச்சு மட்டும் இல்லை. அவளுக்கு அந்தப் பக்கம் மலைக்காரி, பஸ் கிளம்பியதுமே அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். வளைவெல்லாம் முடிந்து, கச்சிராயபாளையமும் தாண்டிவிட்டது. என் பக்கத்துத் தோள் சும்மாதான் இருந்தது. நான் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"வாந்தி வர மாதிரி இருக்குது" என்று சொல்லி, தலையை அதில் சாய்த்தேன்.

"மலை எறங்கி எவ்ளோ நேரமாச்சு" என்றாள். "எங்கருந்துடி வருது உனக்கு வாந்தி?"

கள்ளக்குறிச்சி வரைக்கும் நான் தலையை எடுக்கவில்லை.