வெண்டல் எழுதாமல் விட்ட பத்தி

புதன்கிழமை காலையில் காபிக்கடைக்கு வந்ததும் வெண்டல் சாண்ட்விக் முதலில் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். பிறகு எதிரில் உட்கார்ந்திருக்கும் டெல்மர் ராஸ்கின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, தான் எழுதியதை மெதுவாக வாசிப்பார். டெல்மரின் மீசை ஓரம் அசைந்தால் அந்த வரி பிழைத்தது. அசையாவிட்டால் பென்சிலால் ஒரே அடி. கடைக்காரி மார்லிஸ் காபி ஊற்றிக்கொண்டே பல வருடங்களாக இதைப் பார்த்திருக்கிறாள்.

வெண்டல் ஓய்வுபெற்ற தபால்காரர். மின்னசோட்டாவின் அந்த மூலையில் அவர் வண்டி நிற்காத பண்ணை வாசல் கிடையாது. மனைவி தவறிப்போன பிறகு ஊர் வாரப் பத்திரிகையில், வாஷிங்டனில் அந்த வாரம் நடந்த கூத்தைப் பற்றி ஒரு பத்தி எழுத ஆரம்பித்தார். டெல்மர் சோயா விவசாயி. வெண்டலின் பள்ளிக்கூடத் தோழர், எதிர்வீட்டுக்காரர், எதிர்க்கட்சிக்காரர். கடைசிக் காரணத்துக்காகத்தான் அவரிடம் வாசித்துக் காட்டுவதே. அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டால் ஊரில் வேறு யாருக்கும் கோபம் வராது என்பது வெண்டலின் கணக்கு. கணக்கு ரொம்ப நாள் தப்பவில்லை.

சீனாக்காரன் சோயா வாங்குவதை நிறுத்திய வருடம் அது. டெல்மர் ஓட்டுப் போட்ட கட்சி ஆரம்பித்து வைத்த இறக்குமதி வரிச்சண்டை. அறுவடை நல்ல அறுவடை, வாங்கத்தான் ஆளில்லை. டெல்மரின் களஞ்சியம் முட்ட நிறைந்து கிடந்தது. ஒருநாள் வண்டியில் போகும்போது அவர் வெண்டலிடம் ஒரு விஷயம் சொன்னார். தினமும் விடியற்காலையில் ஏணி ஏறிக் களஞ்சியத்துக்குள் கையை விட்டுப் பார்க்கிறாராம். சோயா சூடேறிக் கெட்டுவிடுமோ என்று பயம். சில நாள் கையை எடுக்கவே மனம் வராமல் அப்படியே நின்றுவிடுகிறாராம். மகனுக்குக்கூடத் தெரியாது என்றார்.

அடுத்த புதன்கிழமை டெல்மர் வயலில் இருந்தார். மழைக்கு முன்னால் மிச்சத்தை அறுத்தாக வேண்டும். எதிர் நாற்காலி காலி. வெண்டல் யாருக்கும் வாசிக்காமலே பத்தியைப் பத்திரிகை ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அதில் இப்படி ஒரு வரி இருந்தது: ‘என் எதிர்வீட்டு விவசாயி ஓட்டுப் போட்ட அதே கையால் ஏணியைப் பிடித்துத் தினமும் களஞ்சியத்தில் ஏறுகிறார், சோயா தன்னைத்தானே விற்றுக்கொண்டதா என்று பார்க்க.’

பெயர் இல்லை. ஆனால் வெண்டலுக்கு எதிர்வீடு ஒன்றுதான் உண்டு. ஊர் சிரித்தது. யாரோ டெல்மரின் வண்டியில் ஒரு பொம்மை ஏணியைக்கூட வைத்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாரம் டெல்மர் வந்தார், ஆனால் அந்த மேசைக்கு வரவில்லை. மார்லிஸின் முன்னால் முக்காலியில் உட்கார்ந்தார். பத்தி படித்தீர்களா என்று அவள் கேட்டுத் தொலைத்தாள்.

“படிச்சேன்,” என்றார் டெல்மர். “வித்தியாசமா இருந்துச்சு.”

அந்த ஊரில் ஒரு சாப்பாட்டையோ ஒரு ஆளையோ வித்தியாசமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால், அதற்குமேல் திட்டுவதற்கு வார்த்தை கிடையாது. பின்மேசையில் வெண்டலுக்கும் அது கேட்டது.

பனி விழ ஆரம்பித்தது. டெல்மரின் டிராக்டர் வழக்கம்போல ரோட்டைத் தாண்டி வந்து வெண்டலின் வாசல் பனியைத் தள்ளிவிட்டுப் போனது. ஒரு பார்வை இல்லை, ஒரு ஹாரன் இல்லை.

“ரெண்டு வார்த்தை திட்டிட்டுப் போனாக்கூட நிம்மதியா இருக்கும் மார்லிஸ்,” என்றார் வெண்டல். “வாசலைச் சுத்தம் பண்ணிட்டுப் போறான். அதை என்னன்னு எடுத்துக்கறது?”

“எதிர்வீடு தானே. போய்க் கதவைத் தட்டுங்க.”

“ஊருக்கு முன்னாடி செஞ்ச தப்பு. மன்னிப்பும் ஊருக்கு முன்னாடிதான் கேக்கணும். பத்தியில எழுதறேன்.”

“எப்போ?”

“இந்த வாரம் முடியாது. பட்ஜெட் சண்டையில அரசாங்க ஆபீஸையெல்லாம் இழுத்து மூடிட்டானுங்க, பாத்தீங்கல்ல?”

அதற்கடுத்த வாரம் திறந்தார்கள். திறந்ததைப் பற்றி எழுத வேண்டியிருந்தது. பிறகு ஒரு அமைச்சர் விவகாரம், ஒரு விசாரணை, ஒரு வாக்கெடுப்பு. ஒவ்வொரு வாரமும் போன வாரத்தைவிட அவசரமான ஒரு கேவலம் வந்து சேர்ந்தது. மன்னிப்பு எங்கும் ஓடிவிடாது, செய்திதான் ஓடிவிடும் என்பார் வெண்டல். வாஷிங்டன் தானாகவே கேலிக்கூத்தாக இருக்கும்போது தான் எதைக் கேலி செய்வது என்றும் ஒருமுறை கேட்டார். சிரிக்கிறவர்களும் குறைந்துபோனார்கள். தட்டை எடுக்கப் போகையில் மார்லிஸ் பார்ப்பாள்: பென்சில் கையில் இருக்கும், கண் காலி நாற்காலியில் இருக்கும், எந்த வரியை அடிப்பதென்று தெரியாமல் மனிதர் உட்கார்ந்திருப்பார்.

பிப்ரவரியில் ஒரு காலையில், பத்தியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனவர் சமையலறையில் விழுந்தார். எழவில்லை.

அடக்கத்துக்குப் பிறகு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோரும் ரொட்டியும் பன்றிக்கறியும் தின்றார்கள். டெல்மர் நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். மார்லிஸ் மறுபக்கத்தைப் பிடித்தாள்.

“என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னானா?” என்று கேட்டார், நாற்காலியைப் பார்த்துக்கொண்டே.

“எழுதணும்னு இருந்தார், டெல்மர். அடுத்த வாரம், அடுத்த வாரம்னு...”

“எழுதியிருப்பான்,” என்றார் டெல்மர். “இந்த வாரம் பத்தி குடுத்துட்டுத்தானே போனான்.”

மார்லிஸ் இன்னொரு நாற்காலியை மடக்கினாள். அந்தப் பத்தியை அவள் இன்னும் பார்க்கவில்லை. தனக்கும் அப்படி ஒரு நினைப்பு உள்ளே இருந்தது என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

மறுநாள் பத்திரிகை வந்தது. டெல்மர் முக்காலியில் உட்கார்ந்து பிரித்தார். வெண்டலின் கடைசிப் பத்தி, செனட்டில் யாரோ ஒருவர் விடிய விடியப் பேசி, யாரும் கேட்காமல் முடித்த கதை. நன்றாகத்தான் எழுதியிருந்தார். டெல்மர் ஒவ்வொரு வரியாகக் கடைசிவரை படித்தார். பிறகு தாளைத் திருப்பி, மிச்சம் அந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்று தேடினார். அங்கே டயர் விளம்பரம் இருந்தது.