முந்நூற்று நாற்பத்தெட்டாவது ரன்

ஓசூர் பேருந்து நிலையத்திலிருந்து ஜூஜுவாடி வரைக்கும் பதினோரு பெரிய விளம்பரத் தட்டிகள். ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணினேன். ஏழில் கிரிக்கெட். ஆஸ்திரேலியாக்காரன் மறுபடி வருகிறானாம், ஐந்து டெஸ்ட். ஒரு தட்டியில் இரண்டு ஆட்டக்காரர்கள் மூக்கோடு மூக்கு இடிக்க முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள், பின்னால் நெருப்பு. 'பழைய கணக்கு தீரும்' என்று எழுதி, கீழே பனியன் படம் போட்டிருக்கிறது. என்ன பழைய கணக்கு என்று அந்தப் பனியன்காரனைக் கேட்டால் சொல்வானா?

பக்கத்து இருக்கைக்காரர் கைபேசியில் பழைய ஆட்டங்களின் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடத்தில் ஆறு விக்கெட் விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் சும்மா போன நாற்பது, ஐம்பது பந்துகளை எவனோ வெட்டி எறிந்துவிட்டான். எலும்பை மட்டும் உறிஞ்சிவிட்டு விருந்து சாப்பிட்டேன் என்கிற மாதிரி.

மற்றவர்களைத் திட்டுவது இருக்கட்டும். அன்றைக்கு என் மடியில், பாலித்தீன் பையில் சுற்றிய நீல அட்டை நோட்டு ஒன்று இருந்தது. அதில் ஒரு ரன் அதிகம். அந்த ஒரு ரன் யார் செய்த தப்பு என்று சொல்லத்தான் அத்திப்பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

பையை லேசாகத் திறந்தாலே துருப்பிடிக்காமலிருக்கப் பூசும் எண்ணெயின் வாடை வரும். இத்தனை வருடமாகியும் போகவில்லை. எங்கள் தொழிற்சாலையின் இன்ஸ்பெக்ஷன் அறை முழுக்க அந்த வாடைதான். இரும்பு வெயிலில் விரியும் என்பதால், இரும்புக்காகக் குளிரூட்டிய அறை அது. மனிதர்களுக்கு அந்தத் தொழிற்சாலையில் மின்விசிறிகூட மூன்றுதான். ஊத்தங்கரைப் பக்கத்து மானாவாரிக் காட்டிலிருந்து வந்தவன் நான், மே மாதத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்த்தேன். ஊருக்குப் போனால் இதைச் சொல்லிச் சொல்லியே கழுத்தறுப்பேன்.

அந்த அறையில் எனக்குக் கூட்டாளி பசவராஜு, அத்திப்பள்ளிக்காரர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் மைக்ரோமீட்டரைப் பார்த்து அளவை மைக்ரான் கணக்கில் சத்தமாகச் சொல்ல வேண்டும், மற்றவர் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். இருபது உருப்படிக்கு ஒருமுறை இடம் மாறிக்கொண்டு, எழுதியதைச் சரிபார்க்க வேண்டும். கடைசியில் இரண்டு பேரும் கையெழுத்து. சொன்னவனை எழுதியவன் நம்பக்கூடாது, எழுதியவனைச் சொன்னவன் நம்பக்கூடாது. அப்படி நம்பாமல் இருந்ததால்தான் நாங்கள் அவ்வளவு சிநேகமாக இருந்தோம் என்று இப்போது தோன்றுகிறது.

கிரிக்கெட்டையும் அப்படியேதான் கேட்டோம். அளவுக்கட்டைகள் வைக்கும் மரப்பெட்டிக்குள் டிரான்சிஸ்டர். பசவராஜு காதை ஒட்டவைத்துக் கேட்டுச் சொல்வார், நான் பந்து பந்தாக ஒரு வரிசையிலும், அடித்தவர் பெயருக்கு நேராக இன்னொரு பக்கத்திலும் எழுதுவேன். பத்து ஓவருக்கு ஒருமுறை நோட்டு அவர் கைக்குப் போகும்.

எண்பத்தாறாம் வருடம், சென்னையில் ஆஸ்திரேலியாவோடு டெஸ்ட். ஐந்தாம் நாள் திங்கட்கிழமை, வேலைநாள். ஜெயிக்க முந்நூற்று நாற்பத்தெட்டு. காலையில் யாரும் நம்பவில்லை. தேநீருக்கு அப்புறம் மிஷின்காரர்கள் ஒவ்வொருவராக, ஏதோ அளவு சந்தேகம் கேட்கிற மாதிரி உதிரிப்பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் கதவில் வந்து நின்றார்கள். ஒருவர் கையில் உதிரிப்பாகம்கூட இல்லை, டிபன் பாக்ஸை நீட்டினார்.

அந்தக் கடைசி நேரத்தில் பசவராஜு இரண்டு தடவை கையை நீட்டினார்.

"நோட்டைக் கொடு குரு, மாத்திக்கலாம்."

"சும்மா இருய்யா, சொல்லு நீ. அப்பறம் பாத்துக்கலாம்."

பேனாவை விடக் கை வரவில்லை. ஷிப்ட் முடிந்தும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. கடைசி விக்கெட் விழுந்தபோது நான் அடித்தவர்கள் ரன்னையும் மட்டையில் படாமல் வந்த உதிரி ரன்னையும் கூட்டி, துள்ளி எழுந்தேன். "முந்நூத்தி நாப்பத்தெட்டு! ஜெயிச்சிட்டோம்!"

"டை ஆயிடுச்சு குரு, ரெண்டு பேரும் சமம். மூணு நாப்பத்தேழு. ஒரு பந்து மிச்சம்."

"ரேடியோக்காரன் தப்பாச் சொல்றான்யா!"

அப்படியும் சொன்னேன். இந்தியா முழுக்கத் தப்பு, நான் மட்டும் சரி. மறுநாள் பேப்பரில் முந்நூற்று நாற்பத்தேழு என்று வந்தது. ஒரு ரன் எங்கே புகுந்தது? சொன்னவரிடமா, எழுதியவனிடமா? பசவராஜு கெஞ்சாத குறையாகக் கேட்டார், "ஒரே ஒரு தடவ கூட்டிப் பாரு குரு." நான் நோட்டைத் தரவில்லை. மதியம் கேன்டீனில், சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"ஒரு ரன்னு ஒழுங்காச் சொல்லத் தெரியல. இந்த ஆளு மைக்ரான் சொன்னா எப்படிய்யா நம்பி எழுதறது?"

நல்ல சிரிப்பு. பசவராஜு தட்டைக் கழுவிவைத்துவிட்டுப் போனார். சிரித்தவர்களில் எங்கள் சூப்பர்வைசரும் ஒருவர். சிரித்து முடித்துவிட்டு யோசித்திருப்பார் போலிருக்கிறது. அந்த வாரமே பசவராஜுவை வெளியே, வார்ப்பு இரும்பில் பிசிறு எடுக்கும் மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். அரத்தை வைத்துத் தேய்க்கிற வேலை. பத்தொன்பது வருடம் அங்கேயே தேய்த்து ஓய்வு பெற்றார். அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் ஸ்வெட்டரோடு நான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அத்திப்பள்ளிக்குக் கிளம்பியதற்கு முந்தின வாரம் இந்தப் பனியன் விளம்பரத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த எரிச்சலில் பரணிலிருந்து நோட்டை எடுத்தேன். வீட்டுக்காரி, "மோட்டார் போட்டுட்டுத் தண்ணி வழியறதைப் பாக்க மாட்டீங்க. எவனோ அடிச்ச ரன்னை உக்காந்து எண்ணுவீங்க" என்றாள். நியாயம்தான்.

பந்து வரிசையை மட்டும் கூட்டினேன். பசவராஜு சொல்லச் சொல்ல அப்படியே எழுதிய வரிசை அது. முந்நூற்று நாற்பத்தேழு. மூன்று தடவையும் அதேதான். அடித்தவர்கள் பக்கத்தில் தேடினேன். ஒரு பந்து காலில் பட்டு ஓடிய ரன், உதிரியில் மட்டும் சேரவேண்டியது. நான் ஆட்டக்காரன் பெயரிலும் போட்டிருக்கிறேன். தப்பு என் பேனாவில். நோட்டு அவர் கைக்குப் போயிருந்தால் அரை நிமிடத்தில் பிடித்திருப்பார்.

அத்திப்பள்ளியில் பசவராஜு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வலது கைக் கட்டைவிரல் உள்பக்கமாக வளைந்து அப்படியே நின்றுவிட்டிருந்தது. "பா குரு, ஊட்டா ஆயித்தா?" என்றார், நேற்றுப் பார்த்தவனைச் சாப்பிட்டாயா என்று கேட்கிற மாதிரி. நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் நோட்டைப் பார்த்தார்.

"நீ சொல்லு. நான் எழுதறேன்."

இடம் மாறிக்கொண்டோம். எண்பத்தேழு ஓவரையும் நான் படிக்க, வளைந்த விரலில் பென்சிலை இடுக்கி, பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுதினார். முக்கால் மணி நேரம். கூட்டி, அடிக்கோடு போட்டார். முந்நூற்று நாற்பத்தேழு.

"இது எனக்கு அன்னைக்கே தெரியும் குரு. என்கிட்ட எதுக்குக் கொண்டாந்தே?" நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். "அன்னைக்குச் சிரிச்சாங்கல்ல, அவங்களுக்குக் காட்டு."

கோபமாகச் சொல்லவில்லை. காபி வந்தது, குடித்தேன். நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

திரும்பும் வழியில் சிப்காட்டில் இறங்கி நடந்தேன். தொழிற்சாலை இல்லை. குளிர் அறை இருந்த இடத்தில் ஏதோ கிடங்கின் பெரிய தகரக் கூரை. கேன்டீன் இருந்த மூலையில் லாரிகள் நிற்கின்றன. வாசலில் இருந்த காவலாளி வடக்கத்திக்காரர். தெரிந்த தமிழில் கேட்டார், "யார் வேணும் சார்?"

அன்று சிரித்தவர்கள் பதினான்கு பேர். ஒன்பது பேர் உயிரோடு இல்லை, சூப்பர்வைசரையும் சேர்த்து. மூன்று பேர் ஓய்வுபெற்றுத் திருநெல்வேலிப் பக்கம் போனவர்கள், விலாசம் தெரியாது. ஒருவருக்குச் சொந்த மகனையே அடையாளம் தெரிவதில்லை. மிச்சம் ஒருவன். முதலில் சிரித்தவன் அவன்தான். நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, லாரிகளுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றுகொண்டிருந்தான்.