எண்ணெய் அடிச்ச வண்டி நிக்கலை

"அண்ணே, பிரேக் இன்னும் பிடிக்கலண்ணே."

மூணாவது தடவையா மெய்யம்மை ஆச்சி வந்து இதைச் சொன்னப்ப எனக்குச் சுள்ளுன்னு ஏறிடுச்சு. முப்பது வருஷமா காரைக்குடியில ஸ்பேனர் பிடிச்சவன், எங்கிட்டயா?

"நீங்க ஸ்கூட்டர் ஓட்டிப் பழகுனவுக ஆச்சி. இது பழைய டிரம் பிரேக். அழுத்தி மிதிக்கணும்."

"மிதிச்சு மிதிச்சு என் செருப்புத்தான் தேஞ்சுச்சு"ன்னாக.

அது அவுக அப்பச்சி, அதான் அப்பா, ஓட்டுன பழைய மோட்டார் பைக். அவர் காலமானதும் அதை வித்துரச் சொல்லி வீட்ல ஒரே நச்சரிப்பு. பிரேக் சரியாகலைன்னா வெள்ளிக்கிழமை திருச்சியில இருந்து வாங்குற ஆள் வந்து வண்டியைத் தூக்கிட்டுப் போயிருவான்னு அவுக வீட்டுக்காரர் கெடு வச்சிட்டாரு.

நான் ஒண்ணும் ஏனோதானோன்னு வேலை பார்க்கலை. டிரம்மை லேத்துல கடைஞ்சேன். பிரேக் ஷூவுக்குப் புது லைனிங் ஒட்டி, முனையை அரத்தால சாய்வா ராவுனேன். பிரேக்கை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே ஆக்சில் நட்டை டைட் பண்ணேன். அப்பத்தான் ஷூ ரெண்டும் டிரம்முக்கு நடுவுல உக்காரும். ஓட்டிப் பார்த்தேன், கல்லுல அடிச்ச மாதிரி நின்னுச்சு. பிறகு என்ன கோளாறு?

"சரி ஓட்டுங்க, நான் பின்னாடி உக்காருறேன்."

பிள்ளையார்பட்டி ரோட்டுல ஆட்டுமந்தை குறுக்க வந்துச்சு.

"பிடிங்க ஆச்சி!"

"பிடிச்சுட்டுத்தாண்ணே இருக்கேன்!"

ஆடு தப்பிச்சிருச்சு. நாங்க கருவேலம் புதருக்குள்ள. நல்லவேளை, முள்ளுக் கீறலோட போச்சு.

வண்டியைத் தள்ளிட்டு வந்து வீலைக் கழட்டுனேன். லைனிங் பூரா டீசல் வாடை. முந்தி கழட்டுனப்பல்லாம் பட்டறை வாடைன்னு விட்டுட்டேன். அந்த வாடை என்னோடது.

வேலை முடிஞ்ச வண்டியைக் கழுவி, டீசலும் எண்ணெயும் கலந்து கம்ப்ரசர் கன்னுல அடிச்சு மினுக்கிக் குடுக்குறது நம்ம பட்டறை வழக்கம். அந்த மினுக்குக்குன்னே சிங்கம்புணரியில இருந்தெல்லாம் வருவாக. நான் ஓட்டிப் பார்க்குறது மினுக்குறதுக்கு முன்னாடி. மினுக்கும்போது பிரேக் பிளேட் சந்து வழியா எண்ணெய் உள்ள இறங்கி லைனிங்கை வழுக்க வச்சிருக்கு. மூணு தடவையும்!

"தப்பு என் மேலதான் ஆச்சி. உங்களைப் பேசுனதுக்கு மன்னிச்சிருங்க."

ஆச்சி கைமுள்ளைப் பிடுங்கிக்கிட்டே கேட்டாக: "என்னைய அப்பச்சிகிட்டயே அனுப்பப் பார்த்தீகளாக்கும்?"

மறுபடி புது லைனிங் போட்டேன். எண்ணெய் அடிக்கலை. வெள்ளிக்கிழமை அவுக வீட்டு வாசல்ல திருச்சி ஆள் நிக்க, ஆச்சி அழுக்கு வண்டியில வேகமா வந்து, வீட்டுக்காரர் வேட்டி நுனிக்கு ஒரு முழம் முன்னாடி நிப்பாட்டுனாக. வந்த ஆளு காபியைக் குடிச்சிட்டு வெறுங்கையோட கிளம்பிட்டாரு.

பட்டறைப் பிள்ளைகளுக்கு ஒண்ணு சொல்றேன். ஓட்டுறவுக பிரேக் பிடிக்கலைன்னு சொன்னா பிடிக்கலைதான். முதல்ல உங்க கையைச் சந்தேகப்படுங்க.

இப்ப வேலையை விட்டுட்டேன். ஆனாலும் அந்த வண்டிச் சத்தம் தெருமுனையில கேட்டா எடுத்த சோறு கையிலயே இருக்கும். வண்டி வளைவுல வேகம் குறைஞ்சு நின்ன பிறகுதான் சோறு வாய்க்குப் போகும்.