வகிட்டைப் பார்த்த டாக்டர்

அண்ணனுக்கு எலும்பு மஜ்ஜை வற்றிவிட்டது. என் மஜ்ஜையைக் கொடுக்கத் தயாராக நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்குள்ள ரத்தநோய் டாக்டர் அம்மா கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுத்தான் ஆட்களைப் பார்ப்பார். அண்ணனின் ரிப்போர்ட்டை மூடிவிட்டு என் வகிட்டைப் பார்த்தார்.

“டை அடிக்கிறது உண்டா?”

“உண்டு டாக்டர். இருபது வயசுலயே நரைச்சாச்சு. எங்க குடும்ப முடியாக்கும்,” என்றேன் பெருமையாக.

“மஜ்ஜை வத்துற நோயெல்லாம் ரிப்போர்ட்டுல ஒண்ணுபோலத்தான் இருக்கும், மக்கா. சிலது இடையில வாறது, சிலது குடும்பத்துல உள்ளது; சின்ன வயசுலயே நரைக்கிறது அதுக்கு ஒரு அடையாளம். ரெண்டாவதுன்னா உன் மஜ்ஜையும் ஆகாது. முதல்ல உனக்கும் டெஸ்ட் எடுக்கணும்.”

டெஸ்டில், அண்ணனுக்கு உள்ள அதே குறை எனக்கும் இருந்தது. அவனுக்கு வேறு ஆள் தேடுகிறார்கள். ரிப்போர்ட்டில் இல்லாததை என் தலையில் தேட அவருக்கு எப்படித் தோன்றியதோ!

டை அடிப்பதை விட்டுவிட்டேன். அடுத்த டாக்டருக்கு என் வகிட்டில் தேடுகிற வேலை வேண்டாம்.