தாழ்ப்பாள் எந்தப் பக்கம்

அந்த நாவலில் முதல் பாதிக்கு ஒன்றுமே நடக்காது. அமெரிக்காவின் தென்பகுதியில், சதுப்பு நிலத்தின் ஓரமாக ஒரு பழைய மரவீடு. கிளைகளிலிருந்து நரைத்த பாசி தொங்கும். ஆட்கள் வாசலில் இருந்து விசிறிக்கொண்டு, வராத மழையைப் பற்றிக் கதைப்பார்கள். அந்த வீடு தாயிடமிருந்து மகளுக்குத்தான் போகும். மகளுக்குக் கலியாணம் ஆனால் தாய் ஓர் அறை பின்னுக்குப் போவாள். பேரப்பிள்ளை பிறந்தால் இன்னும் ஓர் அறை. தாய் பின்னுக்குப் போகப்போக, சதுப்பு கொஞ்சம் கொஞ்சமாக வீட்டை நெருங்கும். அறைகள் முடிந்த பிறகு அந்தத் தாய்மார் எங்கே போனார்கள் என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. வாசிக்கிறவருக்கு மட்டும் மெதுவாகத் தெரியவரும். பின்கதவுக்கு அங்கால், இடுப்பளவு கறுத்த தண்ணீரில், தாய்மார் எல்லாரும் வரிசையாக நின்று வீட்டின் தூண்களைத் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள். செத்துப்போகவும் இல்லை. கடைசிப் பக்கத்தில் பின்கதவு தட்டப்படும். மகள் எழுந்து நிற்பாள். அவ்வளவுதான். திறந்தாளா இல்லையா என்று புத்தகம் சொல்லாது.

இதை நான் என் போனில்தான் வாசித்தேன். மகளுக்குச் சோறு ஊட்டும்போது ஒரு பக்கம், அவள் தூங்கும்போது நாலு பக்கம். பிள்ளைக்கு ஊட்டும்போது பிள்ளையின் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று எங்கோ படித்திருக்கிறேன். அதனால் ஒரு வரி வாசித்துவிட்டு அவளைப் பார்ப்பேன். பார்த்தபின் எந்த வரி என்று தெரியாமல் போகும். அந்த மெதுவான நாவலை நான் அதைவிட மெதுவாக வாசித்தேன்.

எங்கள் வாசிப்புக் குழுவில் நாலு பேர். கல்முனையில் ஒரே பள்ளியில் உயர்தரம் படித்தவர்கள். இப்போது ஒருத்தி ஆசிரியை, ஒருத்தி கணவனோடு கத்தாரில், ஒருத்தி மதரசாவில் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறாள். நான் வீட்டில். மாதத்துக்கு ஒரு புத்தகம் என்று வைத்திருக்கிறோம். எல்லாருடைய கையும் ஈரமாகவோ மாவாகவோ இருப்பதால் எழுதமாட்டோம், குரலில்தான் அனுப்புவோம்.

மற்றவர்கள் என்ன நினைத்தார்கள் என்று பார்த்த பிறகுதான் எனக்கு ஒரு கருத்தே வரும். அது என் பழக்கம். அதனால் இணையத்தில் தேடி, முகம் தெரியாத வாசகர்கள் எழுதியதையெல்லாம் வாசித்தேன். பலருக்குப் பொறுமை இருக்கவில்லை. சிலர் அந்தப் புழுக்கத்தையும் சேற்று மணத்தையும் புகழ்ந்திருந்தார்கள். கிட்டத்தட்ட எல்லாரும் பயந்தது ஒரே இடத்துக்கு. அந்தத் தாய் தன் கட்டிலைத் தானே இழுத்துக்கொண்டு பின்னறைக்குப் போகும் இடம். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை, அவளாகவே போகிறாள், அதுதான் குலைநடுங்க வைக்கிறது என்று எழுதியிருந்தார்கள்.

நான் அந்த இடத்தைக் கடந்து வந்திருந்தேன். எனக்குப் பயமே வரவில்லை. எனக்கு வாசிக்கத் தெரியவில்லையோ என்று அன்று முழுக்க யோசித்தேன்.

குழுவில் முதலில் சிரித்தது ஆசிரியைதான்.

"எங்க கா இதுல பேய்? என்ட உம்மாவும் குசினிக்குப் பக்கத்து அறையிலதான் படுக்கிறா. நாலு பொம்புளப் புள்ள பெத்தவ பின்னுக்குப் போகாம வானத்துக்கா போற?"

கத்தாரில் இருப்பவள் சிரித்துச் சிரித்து ஒன்றும் சொல்ல முடியாமல் அந்தச் சிரிப்பையே அனுப்பியிருந்தாள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணத்துக்கு முன் வீட்டை அவள் பெயரில் எழுதி, மாப்பிள்ளையை அங்கே அழைத்துவருவார்கள். பெற்றவர்கள் அதே வளவில் பின்னுக்கு ஓர் அறையைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள், அடுத்த மகளுக்கு அடுத்த வீடு கட்டுவார்கள். வெள்ளைக்காரர் குலைநடுங்குகிற அத்தியாயம் எங்களுக்குச் சாதாரண கலியாண வேலை.

மதரசாவில் ஓதிக்கொடுப்பவள் மட்டும் சிரிக்கவில்லை. செத்தும் சாகாத ஆட்களைப் பற்றிப் பால்குடி மறக்காத பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வாசிக்கலாமா என்று என்னிடம் தனியாகக் கேட்டாள். அதிலிருந்து நான் பாதுகாப்புக்கு ஆயத்துல் குர்ஸி ஓதிவிட்டு வாசித்தேன். பிறகு, இப்படி ஒரு கதையை வாசிப்பதற்காக ஓதுவதே பிழையோ என்று அதற்கும் கவலைப்பட்டேன்.

என் உம்மாவும் இந்த நாவலுக்கு ஒரு வாசகர் என்றுதான் சொல்லவேண்டும். ஆங்கிலம் தெரியாது. காலையில் அவர் பின்னால் குசினி வாசலில் குந்தியிருந்து சூடை மீன் ஆயும்போது நான் வாசித்த பகுதியைத் தமிழில் சொல்வேன். மகள் செதிலைப் பொறுக்கி விளையாடுவாள். உம்மா மீனைவிட்டுத் தலையைத் தூக்காமலே கேட்பார்.

"எத்தின பொம்புளப் புள்ள அவக்கு?" என்று ஒருநாள் கேட்டார்.

"ஒண்டுதான் உம்மா."

"ஒண்டு எண்டா முன்னுக்கே இரிக்கலாமே. விசரா அவக்கு?"

தண்ணீருக்குள் நிற்கிற இடம் வந்ததும், அவ்வளவு நேரம் நின்றால் முழங்கால் என்னத்துக்கு ஆகும் என்றார். உம்மாவுக்கு முழங்கால் நோவு. வாப்பா மௌத்தாகி, உம்மா தனித்த பிறகு கூடிவிட்டது. தங்கச்சியும் உம்மாவும் பின்பக்கத்து இரண்டு அறைகளில் இருக்கிறார்கள். முன்வீட்டில் நான், என் கணவர், மகள்.

கடைசிப் பக்கத்தைச் சொன்ன அன்று உம்மா கையை நிறுத்தினார். குழுவில் அப்போது பெரிய வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. கத்தார்க்காரி, தட்டுவது உம்மா என்றால் எந்த மகளும் திறந்துவிடுவாள் என்றாள். ஆசிரியை, திறந்தால் சதுப்பும் சேர்ந்து உள்ளே வரும், அவள் கையில் பிள்ளை இருக்கிறது, திறக்கமாட்டாள் என்றாள். நான் இரண்டு பேருக்கும் ஓம் சொல்லியிருந்தேன். உம்மா என்ன சொல்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பின்கதவுக்குத் தாப்பாள் எந்தப் பக்கம்?" என்று கேட்டார் உம்மா.

எனக்குத் தெரியவில்லை. நான் வாசித்த எந்த அபிப்பிராயத்திலும் அது இல்லை. போனை எடுத்துத் தேடினேன். நாவலின் நடுவில், மழையைப் பற்றிய பேச்சுக்கு இடையில், ஒரே ஒரு வரியில் இருந்தது. தாழ்ப்பாள் உள்பக்கம்.

"அப்ப தட்டத்தானே வேணும்" என்றார். மீனைக் கழுவப் போனார்.

அன்று இரவு வழக்கம்போல நடுக்கதவைச் சாத்தப் போனேன். முன்வீட்டுக்கும் உம்மாவின் அறைகளுக்கும் நடுவில் உள்ள கதவு அது. அதன் பித்தளைத் தாழ்ப்பாள் எங்கள் பக்கம் இருக்கிறது. கலியாணத்துக்கு முதல் வாரம் உம்மாவே தச்சரைக் கூட்டிவந்து போட்டது. புதுமாப்பிள்ளைக்குக் கூச்சமில்லாமல் இருக்கவேண்டும் என்று, நல்ல கனமானதாகப் பார்த்து அவரே கடையில் வாங்கிவந்தார். அன்று தொடக்கம் ஒவ்வோர் இரவும் நான் அதைப் போடுகிறேன். ஒவ்வொரு காலையும் உம்மா தேத்தண்ணியோடு வந்து விரல் மடித்துத் தட்டுகிறார். நான் போய்த் திறக்கிறேன்.

கையை வைத்தபடி நின்றேன். போடாமல் விட்டால் கணவர் ஏன் என்று கேட்பார், எனக்குச் சொல்லத் தெரியாது. போட்டுவிட்டு வந்து படுத்தேன்.

அந்தக் கிழமைதான், கலியாணம் பேசியிருந்த தங்கச்சியின் வீட்டு வேலை தொடங்கியது. மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள், அவசரப்படுத்தவில்லை, ஆனால் வீடு முடிந்தால்தான் நாள் வைக்கலாம். வளவின் பின்பாதியில் கட்டுவதாகப் பேச்சு. மேசன் வந்து மூலைக்கு மூலை முளை அடித்து நூல் கட்டினார். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். நூல் கிணற்றடியைத் தாண்டி, உம்மாவின் அறை ஜன்னலுக்குள்ளே போனது. உள்ளே எட்டிப் பார்த்தேன். கட்டிலுக்கு மேலாக, தலையணையை இரண்டாகப் பிரித்ததுபோல நூல் ஓடியது. அதன் மறுநுனியை மேசனுக்காக இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றது உம்மா.

அந்த அறைகள் இடிபடும் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நூலாகப் பார்க்கும்வரை அது ஒரு பேச்சாக மட்டும் இருந்தது.

கிணற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு நூல்கட்டு இருந்தது. மிகச் சின்னது. கழிவறைக்கா என்று மேசனிடம் கேட்டேன். அவர் உம்மாவைப் பார்த்தார்.

"அது எனக்கு" என்றார் உம்மா. "மேலுக்குத் தகரம் போட்டாக் காணும். ரெண்டு பேருக்கும் நடுவுல."

நான் தங்கச்சியைத் தேடிப் போனேன். அவள் தையல் மெசினுக்கு முன்னால் இருந்தாள். உம்மா எங்கே இருப்பார் என்று நினைத்தாய் என்று கேட்டேன்.

"உங்களோட எண்டுதான் ராத்தா நினைச்சன். முன்வீட்டுல மூணு அறை இரிக்கே." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாக, "நீங்க என்னோட எண்டு நினைச்சீங்களா?" என்றாள்.

நான் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கணவரிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் எடுத்தது. எப்படித் தொடங்குவது என்று மனதுக்குள் பல விதமாகச் சொல்லிப்பார்த்தேன். கடைசியில் நாவலில் இருந்து தொடங்கினேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி முழுக்கக் கேட்டார்.

"மாமிய ஆரு பின்னுக்குப் போகச் சொன்ன?" என்றார்.

"ஒருத்தரும் சொல்லல்ல மச்சான்."

"அப்ப முன்னுக்கு வரச் சொல்லு. புள்ளட அறையில கட்டிலப் போடு. நான் சொல்லட்டா?"

இவ்வளவு லேசாக முடியும் என்று நான் நினைக்கவில்லை. லேசாக முடிந்ததே எனக்குப் புதுப் பயமாக இருந்தது. இத்தனை வருடமும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதுமா, அல்லது கேட்டது போதும் என்று நான் நினைப்பதுதான் பிழையா?

உம்மா வரமாட்டேன் என்றார். மருமகன் முன்னால் நடமாட அவருக்குக் கூச்சம். இருமல் வந்தால் இருமமுடியாது, கால் நீட்டி இருக்கமுடியாது. அது மாப்பிள்ளை இருக்கிற வீடு என்றார்.

"அது என்ட பேருல இரிக்கி உம்மா."

"ஓம். நான்தானே எழுதித் தந்த." என் மகளின் தலையைத் தடவினார். "நாளைக்கு இவக்கும் நீ குடுப்பாய். அப்ப விளங்கும் உனக்கு."

எனக்கு அப்போதே விளங்கியது. அன்றுதான் அந்த நாவல் எனக்குப் பயம் காட்டியது. முன்வீட்டின் அறைகளை நான் என்னையறியாமல் வாசலிலிருந்து பின்னுக்கு எண்ணிக்கொண்டு போனேன். மகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

குழுவில் என் அபிப்பிராயம் மட்டும்தான் பாக்கி. மூன்று தடவை பேசிப் பதிவுசெய்து மூன்று தடவையும் அழித்தேன். மகள் திறப்பாளா மாட்டாளா என்று அவர்கள் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தாழ்ப்பாளை அந்தப் பக்கம் போட்டது யார் என்று எனக்குக் கேட்கவேண்டும் போல இருந்தது. கேட்டால் சிரிப்பார்கள், அல்லது சிரிக்கமாட்டார்கள். இரண்டையும் என்னால் தாங்கமுடியாது.

அடுத்த நாள் கணவரிடம் திருகாணி முடுக்கியைக் கேட்டு வாங்கினேன். நடுக்கதவுத் தாழ்ப்பாளை அவர் தாமே கழற்றித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். பெயின்ட் பூசியதில் திருகாணிகள் இறுகிப்போயிருந்தன. கழன்ற இடத்தில் மரம் வெளுப்பாக, ஒரு காயம் ஆறினமாதிரி இருந்தது. தாழ்ப்பாளை அலுமாரிக்கு மேலே வைத்தேன். அதை எறிந்துவிடலாமா, உம்மா காசு கொடுத்து வாங்கியது ஆயிற்றே என்று அதற்கும் ஒரு யோசனை.

மறுநாள் சுபஹுத் தொழுதுவிட்டு, நடுக்கதவின் இரண்டு பலகையையும் சுவர்வரைக்கும் தள்ளித் திறந்துவைத்தேன். குசினியில் உம்மா தேத்தண்ணி ஆற்றுவது நான் இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். கோப்பையோடு வந்தார். நான் கதிரையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் என்னைப் பார்த்தார்.

வாசற்படியில் நின்று, சுவரோடு சாய்ந்திருந்த கதவில் விரல் மடித்துத் தட்டினார்.

"வாங்க உம்மா" என்றேன்.

மகள் ஓடிப்போய்ச் சீலையைப் பிடித்து இழுத்தாள். பிள்ளை இழுத்த அளவுக்கு உள்ளே வந்தார். கோப்பையை மேசையில் வைத்தார். கதிரையைக் காட்டினேன், அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மருமகன் எழும்பிட்டாரா?"

"இல்ல உம்மா. இரிங்க."

கதிரையின் ஓரத்தில் இருந்தார். பின்னால் கிணற்றடியில் அந்தச் சின்ன நூல்கட்டு பனியில் நனைந்து தொய்ந்திருந்தது. அவர் கண் அதிலேயே இருந்தது.

"மேசன் வந்தா நூலத் திரும்ப இழுத்துக் கட்டச் சொல்லணும்" என்றார்.